சூரியனுக்கு நாட்குறிப்பு எழுதிய மலை
கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் 125 ஆண்டுகள்

2024 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துக்கு 125 ஆண்டுகள் நிறைந்தன. நிறுவன வரலாறு எழுத உட்கார்ந்தால் இயக்குநர்களின் பெயர்களையும் பதவிக்காலங்களையும் வரிசையாக அடுக்கிவிட்டு எழுந்துவிடுவது நம் வழக்கம். இந்த ஆய்வகத்தின் கதையை அப்படிச் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இங்கே பெரிய கண்டுபிடிப்பு ஒன்று நடந்தது உண்மை. உலகம் அறிந்த விஞ்ஞானிகள் இங்கே பொறுப்பில் இருந்ததும் உண்மை. ஆனாலும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து மேகம் வழிவிட்ட ஒவ்வொரு நாளும் சூரியனைப் படம்பிடித்து, தேதி குறித்து, உறையில் போட்டு அடுக்கி வைத்தார்களே, அதுதான் இந்த மலை உலகத்துக்குக் கொடுத்த பெரிய சொத்து என்று நான் நினைக்கிறேன்.

கதை மலையில் தொடங்கவில்லை, சென்னையில் தொடங்கியது. 1786-இல் வில்லியம் பெட்ரி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சிறு வானாய்வகம் அமைத்தார். பிறகு கம்பெனியே அதை ஏற்று, 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. வடிவமைத்தவர் மைக்கேல் டாப்பிங். கருவியைத் தாங்குவதற்கு 15 அடி உயரக் கருங்கல் தூண் ஒன்றை நட்டு, அதில் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளில் வாசகம் பொறித்தார்கள். நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகத்தில் அந்தத் தூணை இன்றும் பார்க்கலாம்.

அந்தச் சென்னை ஆய்வகமும் சாதாரணப்பட்டது அல்ல. 1802-இல் லாம்டன் பரங்கிமலைப் பக்கம் தொடங்கிய மாபெரும் நில அளவைக்கு அதன் தீர்க்கரேகைதான் ஆதாரம். 11,000 விண்மீன்களுக்கு மேல் அடங்கிய பட்டியலை டி.ஜி. டெய்லர் 1844-இல் அங்கிருந்துதான் வெளியிட்டார். 1861-இல் நார்மன் போக்சன் அங்கே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு ஆசியா என்று பெயர் வைத்தார். அவரிடம் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒரு விண்மீனின் ஒளி கூடிக் குறைவதைக் கண்டறிந்தார். 1874-இல் வெள்ளி சூரியனைக் கடந்தபோது அதை நம் மக்களுக்கு விளக்க இந்திய மொழிகளில் சிறு நூல் வெளியிட்டவரும் அவர்தான். மக்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும் என்று 150 ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குத் தோன்றியிருக்கிறது. கொடைக்கானலைப் பற்றித் தமிழில் எழுதும் எவரும் அவரை நினைக்காமல் தொடங்கக் கூடாது.

விண்மீன் கணக்கில் மூழ்கியிருந்த ஓர் ஆய்வகம் சூரியன் பக்கம் ஏன் திரும்பியது? விடை நம் ஊர்களின் துயரத்தில் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மழை ஏன் பொய்த்தது என்ற கேள்வி அரசையும் விஞ்ஞானிகளையும் ஒருசேர உலுக்கியது. சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகிக் குறைகின்றன என்பது அதற்குள் தெரிந்திருந்தது. அந்த ஏற்ற இறக்கத்துக்கும் சென்னை மழைக்கும் தொடர்பு இருக்கலாம் என்று நார்மன் லாக்கியரும் டபிள்யூ.டபிள்யூ. ஹன்டரும் 1877-இல் எழுதினார்கள். சூரியனைத் தினமும் கவனித்து வந்தால் பருவமழை எப்போது பொய்க்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை அன்று வலுத்தது.

அந்த நம்பிக்கை அவர்கள் எண்ணியபடி பலிக்கவில்லை. கரும்புள்ளிகளை எண்ணி அடுத்த ஆண்டு மழையைச் சொல்ல இன்றும் யாராலும் முடியாது. ஆனால் அந்த எதிர்பார்ப்பு இல்லாமல் இருந்திருந்தால் இப்படி ஓர் ஆய்வகத்துக்கு அரசு பணம் ஒதுக்கியிருக்காது. பஞ்சத்தில் செத்தவர்களை வைத்துத்தான் இந்த மலையில் அறிவியல் வேர்விட்டது. விழாக் காலத்திலும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இடம் தேடும் வேலை சார்லஸ் மிச்சி ஸ்மித் கையில் வந்தது. 1854-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், சென்னை கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர். 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு சென்னையில் சூரியன் சில நாட்கள் பச்சையாகத் தெரிந்தபோது, அதை முறையாக ஆராய்ந்து எழுதியவர். நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டு, இரண்டிலும் வானம் எத்தனை தெளிவு, காற்று எவ்வளவு அமைதி என்று பார்த்துக் கொடைக்கானலே ஏற்றது என்று சொன்னார். போக்சன் 1891-இல் இறந்ததும் மிச்சி ஸ்மித்தே அரசு வானியலாளர் ஆனார். 1895-இல் மாகாண கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899 ஏப்ரல் 1 அன்று ஆய்வகம் சென்னை அரசின் கையிலிருந்து இந்திய அரசின் கைக்கு மாறியது. அந்த நாளைத்தான் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம்.

கடல் மட்டத்திலிருந்து 2,343 மீட்டர் உயரம். ஊரிலேயே மேடான இடங்களில் ஒன்று. இன்று ஏரிக்கரையிலிருந்து காரில் கொஞ்ச நேரத்தில் ஏறிவிடலாம். அன்று மோட்டார் சாலையே கிடையாது, அது 1910-களில்தான் வந்தது. அம்மையநாயக்கனூரில் ரயிலை விட்டு இறங்க வேண்டும். கொடை ரோடு என்று நாம் சொல்வது அந்த நிலையத்தைத்தான். அங்கிருந்து மாட்டு வண்டியில் இரவெல்லாம் பயணம் செய்து பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்புக்கு வர வேண்டும். அதற்கு மேல் செண்பகனூர் வழியாக மலைப்பாதை. வசதி உள்ளவர்கள் குதிரையிலோ டோலியிலோ போனார்கள், மற்றவர்களுக்குக் கால்தான் வாகனம். மலை மேல் எழும்பிய ஒவ்வொரு வீட்டுக்கும் வேண்டிய சாமான் ஆள் தலையிலும் பொதிமாட்டின் முதுகிலும் ஏறியது. ஆய்வகத்தின் லென்ஸும் கண்ணாடியும் அந்தக் காலத்து மலைப்பாதைகளைக் கண்டவைதான்.

அவற்றைச் சுமந்தவர்களின் பெயர் எந்த அறிக்கையிலும் இல்லை. பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை, வெள்ளகவி வழியாக வட்டக்கானலுக்கு ஏறும் பழைய நடைபாதையில் இப்போது இளைஞர்கள் முதுகுப் பையோடு மலையேறுகிறார்கள். நடுவில் நின்று மூச்சு வாங்கும்போது, இது போன்ற ஏற்றத்தில் ஒரு நூற்றாண்டுக்கு முன் கூலிக்கு மூட்டை சுமந்தவர்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

சென்னையிலிருந்து வந்த கருவிகளில் ஒன்று, 1850-இல் பாரீஸில் லெரெபூர் - செக்ரெத்தான் நிறுவனம் செய்த 6 அங்குலத் தொலைநோக்கி. 1898-இல் கிரப் நிறுவனம் அதைச் சூரியனைப் படம்பிடிக்க ஏற்றபடி மாற்றிக் கொடுத்தது. பிறகு பூனாவில் மூடப்பட்ட, பவநகர் மகாராஜா தக்தசிங்ஜி பெயர் கொண்ட வானாய்வகத்திலிருந்து 20 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி ஒன்று 1912-இல் மலையேறியது. பவநகர் தொலைநோக்கி என்று அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது.

ஆனால் இந்த ஆய்வகத்தின் குணத்தையே தீர்மானித்த கருவி வேறு. 1904-இல் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப். அதன் வேலையைக் கொஞ்சம் விளக்கினால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சூரிய ஒளியை நிறமாலையாக விரித்தால் நடுநடுவே மெல்லிய கரிய கோடுகள் தெரியும். ஒவ்வொரு கோடும் சூரியனில் உள்ள ஏதோ ஒரு தனிமத்தின் அடையாளம். ஊதா முனையில் கால்சியத்துக்கு உரிய 'கே' என்ற கோடு இருக்கிறது. அந்த ஒரு கோட்டின் ஒளியை மட்டும் அனுமதித்து, மற்ற எல்லா ஒளியையும் தடுத்துவிட்டு, சூரியனின் வட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிறு பிளவால் துழாவிப் படமெடுப்பதுதான் இந்தக் கருவி. கிடைக்கும் படத்தில், வெறும் தொலைநோக்கியில் வழவழவென்று தெரியும் சூரியனே இல்லை. அதன் மேற்புறத்துக்கு மேலே இருக்கும் நிறமண்டலம் தெரிகிறது. எங்கே காந்தப்புலம் வலுவாக இருக்கிறதோ அங்கே கால்சியம் திட்டுத்திட்டாகப் பளிச்சிடுகிறது. 1904-இல் அந்தப் பளிச்சிடலுக்குக் காரணம் தெரியாது. தெரியாமலேயே படம் எடுத்தார்கள், எடுத்துக்கொண்டே இருந்தார்கள். நூறு ஆண்டு கழித்து அதற்கு என்ன மதிப்பு வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

1907 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் கொடைக்கானல் வந்தார். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று வந்தவர் அல்ல. இங்கிலாந்தில் வேறு வேலை பார்த்துக்கொண்டே சொந்தக் கருவிகளால் சூரியனை ஆராய்ந்தவர். வரும் வழியில் அமெரிக்காவில் மவுண்ட் வில்சன் வானாய்வகத்துக்குப் போய் ஜார்ஜ் எல்லரி ஹேலின் வேலையைப் பார்த்துவிட்டு வந்தார். கருவி சொன்னபடி கேட்காவிட்டால் தானே பிரித்து, தானே திருத்தி, புதிதாக இன்னொன்றைச் செய்தும் விடுவார். ஹைட்ரஜன் ஒளியில் படமெடுக்கும் இரண்டாவது ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃபை 1911-இல் இங்கேயே உருவாக்கிக் கால்சியக் கருவியோடு இணைத்தார்.

1908-இல் ஹேல் கரும்புள்ளிகளில் வலுவான காந்தப்புலம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார். புள்ளி என்பது ஒரு பெருஞ்சுழல், வாயு அதில் புயல்போலச் சுழல்கிறது என்ற கருத்து அப்போது ஓங்கியிருந்தது. எவர்ஷெட்டும் அந்தச் சுழற்சியைத்தான் தேடினார். 1909 ஜனவரி 5. பலத்த இடிமழை பெய்து ஓய்ந்து, வானம் கழுவிவிட்டாற்போல் இருந்தது. சூரியனில் இரண்டு பெரிய புள்ளிகள். எவர்ஷெட் அவற்றின் நிறமாலையைப் படமெடுத்தார். புள்ளியின் நடுவில் கருநிழல், அதைச் சுற்றி அரைநிழல். அந்த அரைநிழலின் இரு பக்கமும் கோடுகள் எதிரெதிர்த் திசையில் விலகியிருந்தன. ஒரு பக்கம் வாயு நம்மை நோக்கி வருகிறது, மறுபக்கம் நம்மைவிட்டு விலகுகிறது என்று பொருள்.

சுழற்சியாக இருந்தால் பிளவை ஒரு திசையில் வைக்கும்போதுதான் இந்த விலகல் வர வேண்டும். விலகல் வந்ததோ வேறு திசையில். புள்ளிகள் சூரியனின் விளிம்பை நெருங்க நெருங்க விலகல் கூடியது, நடுவுக்கு வந்தபோது மறைந்தது. எவர்ஷெட் எந்த முடிவை எதிர்பார்த்தாரோ அதை அவரே தள்ளிவைத்தார். வாயு சுழலவில்லை. புள்ளியின் மையத்திலிருந்து வெளிப்புறமாக, சூரியனின் மேற்பரப்பையொட்டி, நொடிக்கு ஏறத்தாழ 2 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதே ஆண்டில் கொடைக்கானல் ஆய்வகத்தின் 15-ஆம் அறிக்கையாக இது வெளிவந்தது. சூரிய இயற்பியல் பாடப்புத்தகம் எந்த நாட்டில் அச்சானாலும் எவர்ஷெட் விளைவு என்ற பெயரில் இந்த ஓட்டத்துக்கு ஒரு பகுதி உண்டு. அதன் ஊற்றும் ஓட்டமும் எப்படி என்று விண்கலங்களையும் கணினிகளையும் வைத்து இன்றும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். கண்டுபிடிப்பின் நூற்றாண்டையொட்டி 2008-இல் இந்திய அஞ்சல்துறை தபால்தலை வெளியிட்டது.

எவர்ஷெட்டின் மனைவி மேரியையும் இங்கே சொல்ல வேண்டும். திருமணத்துக்கு முன்பே வானியலில் பெயர் பெற்றவர். மகாகவி தாந்தேயின் காவியத்தில் உள்ள வானியலைப் பற்றி அவர் எழுதிய நூல் 1914-இல் வந்தது. அதை எழுதிய காலத்தில் அவர் இந்த மலையில்தான் வாழ்ந்தார். சூரிய விளிம்பில் எழும் தீநாக்குகளைப் பற்றி 1917-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பில் கணவனும் மனைவியும் இணையாசிரியர்கள். சம்பளப் பட்டியலில் அவர் பெயர் இல்லாவிட்டாலும் இந்த ஆய்வகத்தின் விஞ்ஞானிகளில் அவர் ஒருவர்.

உதவியாளர்களாக இருந்த நம்மவர்களைப் பற்றி எழுதத்தான் எனக்கு அதிக ஆசை. சீதாராம ஐயர், நாகராஜ ஐயர், நாராயண ஐயர் போன்ற சிலரின் பெயர்கள் பழைய அறிக்கைகளில் வருகின்றன. அதிகாலையில் கும்மட்டத்தைத் திறப்பது, வானத்தின் நிலையைக் குறிப்பது, தகடு ஏற்றுவது, இருட்டறையில் கழுவுவது, புள்ளிகளை எண்ணிக் கணக்கெழுதுவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. எவர்ஷெட் கண்டறிந்ததை உறுதி செய்யத் தேவைப்பட்ட அளவீடுகளில் அவர்களின் உழைப்பு உண்டு. அவர்களுக்குப் பிறகும் உள்ளூர்க்காரர்களே இந்த வேலையைத் தாங்கினார்கள். ஒரே குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை தொடர்ந்து சூரியனைப் பார்க்கும் வேலையில் இருந்திருக்கிறது.

அந்த வேலையை இலேசாக எண்ணிவிட வேண்டாம். கொடைக்கானலில் காலை நேரம்தான் சூரியனைப் பார்க்க உகந்தது. வெயில் ஏறத் தரை சூடாகும், காற்று துடிக்கும், படம் கலங்கும். பகல் திரும்பினால் பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவிடும். ஆகவே குளிரில் சீக்கிரமே தயாராக வேண்டும். மேகம் ஒரு சில நிமிடங்கள் விலகினாலும் அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாள்கணக்கில் சூரியனே முகம் காட்டாது. அப்போதும் காத்திருக்க வேண்டும். பண்டிகை, ஞாயிற்றுக்கிழமை எதுவும் சூரியனுக்குக் கிடையாது.

எவர்ஷெட் 1923-இல் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் ராய்ட்ஸ் 1937 வரை இயக்குநர். அடுத்து வந்த ஏ.எல். நாராயணன் அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1946 முதல் 1960 வரை ஏ.கே. தாஸ். இந்தப் பகுதியை நான் விரைந்து கடப்பது இவர்களின் பணி சிறியது என்பதால் அல்ல. இரண்டாம் உலகப் போர், பணத்தட்டுப்பாடு, ஆட்சி மாற்றம் எல்லாவற்றுக்கும் நடுவே அன்றாடப் படம் நிற்காமல் பார்த்துக்கொண்டார்கள். அதுவே அவர்களுக்கான சான்றிதழ்.

தாஸ் காலத்தில் திட்டமிடப்பட்டு அடுத்த இயக்குநர் காலத்தில் நிறைவேறியதுதான், வளாகத்துக்குள் நுழைவோர் முதலில் அண்ணாந்து பார்க்கும் கோபுரம். உயரம் 11 மீட்டர். உச்சியில் கும்மட்டத்துக்குள் 60 சென்டிமீட்டர் கண்ணாடி சூரியனைப் பின்தொடர்ந்து திரும்பிக்கொண்டே இருக்கும். அதில் பட்ட ஒளி இரண்டாவது கண்ணாடிக்குப் போய்க் கோபுரத்துக்குள் செங்குத்தாக இறங்கும். அடியில் மூன்றாவது கண்ணாடி அதைப் படுக்கைவாட்டில் திருப்பும். அங்கிருந்து 60 மீட்டர் நீளமுள்ள நிலத்தடிச் சுரங்கம். 38 சென்டிமீட்டர் லென்ஸ் வழியாகச் செல்லும் ஒளி, உள்ளே 34 சென்டிமீட்டர் அகலமுள்ள சூரியனாக விழுகிறது.

ஏன் கோபுரம், ஏன் சுரங்கம் என்று கேட்கலாம். தரையையொட்டிய காற்று வெயிலில் கொதித்து அலைகிறது. கண்ணாடியை அதற்கு மேலே தூக்கினால் ஒளி கலங்காமல் கிடைக்கும். பூமிக்குள் வெப்பநிலை அதிகம் மாறுவதில்லை. ஆகவே உள்ளே வந்த ஒளி அமைதியாகப் பயணம் செய்யும். கோபுரத்தின் உயரமும் சுரங்கத்தின் ஆழமும் ஒரே காரியத்துக்குத்தான். உள்ளே விழும் அந்தச் சூரியனின் அளவுக்குப் பொருத்திப் பார்த்தால் நம் பூமியின் விட்டம் 3 மில்லிமீட்டர், கடுகைவிடச் சற்றே பெரியது. அருகில் நிற்பவர் ஒரு கரும்புள்ளியை விரலால் சுட்டிக் காட்டி, இதற்குள் நம் பூமி எத்தனை அடங்கும் என்று கணக்குப் போடலாம். ஒரு பள்ளிப் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்?

1960-இல் வைணு பாப்பு இயக்குநரானார். 1927-இல் சென்னையில் பிறந்தவர். தந்தையார் ஐதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் பணிபுரிந்தவர். ஹார்வர்டில் படிக்கும்போதே 1949-இல் ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். விண்மீன்களின் கால்சியம் 'கே' கோட்டின் அகலத்தை அளந்தால் அவற்றின் உண்மையான ஒளித்திறனைச் சொல்லிவிடலாம் என்பதை ஓலின் வில்சனோடு சேர்ந்து 1957-இல் நிறுவினார். அதே கால்சியக் கோட்டில் அரை நூற்றாண்டாகச் சூரியனைப் படமெடுத்து வைத்திருந்த ஆய்வகத்துக்கு அவர் வந்து சேர்ந்தது எவ்வளவு பொருத்தம்! சூரியனில் அந்தக் கோடு ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று அவரும் சக ஆய்வாளர் சிவராமனும் இங்கேதான் ஆராய்ந்தார்கள்.

இரவு வானத்துக்குக் கொடைக்கானல் போதாது என்பதை பாப்பு விரைவில் உணர்ந்தார். ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்து 1960-களின் பிற்பகுதியில் அங்கே புதிய வானாய்வகம் தொடங்கினார். 1971-இல் கொடைக்கானல் ஆய்வகம் இந்திய வானியற்பியல் நிறுவனம் என்ற தன்னாட்சி அமைப்பாக மாறியது. தலைமையகம் பின்னர் பெங்களூருக்குப் போனது. தாய் வீடு இந்த மலைதான். 1982-இல் பாப்பு மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் காவலூரில் அவர் பெயரோடு இயங்கத் தொடங்கியது.

சூரியனைத் தவிர வேறு வேலைகளும் இங்கே நடந்தன. தொடக்க காலத்திலேயே வானிலைக் குறிப்பும் நிலநடுக்கப் பதிவும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியா வழியே போவதால் காந்தப்புல அளவீட்டுக்கும் அயனி மண்டல ஆய்வுக்கும் கொடைக்கானல் அருமையான இடம். சூரியனில் ஒரு வெடிப்பு நடந்தால் அதைப் படமாகவும் எடுக்கலாம், பூமியின் காந்தம் எப்படித் துள்ளியது என்பதையும் இதே வளாகத்தில் பார்க்கலாம்.

இனி அந்தப் படங்களின் கதை. கண்ணாடித் தகடுகள், பிறகு ஃபிலிம்கள், ஒவ்வொன்றும் தன் உறையில் தேதியோடும் நேரத்தோடும். மலைக் குளிரும் ஈரமும் இவற்றுக்குப் பகை. பூஞ்சை பிடிக்கும், விளிம்பு நைந்துபோகும், கை தவறினால் அந்த நாளே உடைந்துபோகும். அப்படியும் 1904-இலிருந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கான படங்கள் தப்பி நிற்கின்றன. வெண்ணொளிப் படங்கள், கால்சியப் படங்கள், 1912 முதல் ஹைட்ரஜன் படங்கள். கால்சியக் கருவி அத்தனை காலமும் அதேதான் என்பது முக்கியம். கருவி மாறினால் சூரியன் மாறியதா, கருவி மாறியதா என்ற சந்தேகம் வரும். இங்கே அந்தச் சந்தேகத்துக்கு இடம் குறைவு. உலகில் இவ்வளவு நீண்ட, ஒரே சீரான சூரியப் பதிவு விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களில்தான் இருக்கிறது.

சூரியக் காந்தப்புலத்தை வட்டம் முழுவதும் அன்றாடம் அளக்கும் வழக்கம் ஏறத்தாழ அரை நூற்றாண்டாகத்தான் உண்டு. அதற்கு முன் சூரியன் எப்படி இருந்தது என்று கேட்டால் யாரிடமும் நேரடி அளவு கிடையாது. கால்சியம் பளிச்சிடும் இடமெல்லாம் காந்தப்புலம் இருக்கும் இடம் என்பது இப்போது உறுதியாகிவிட்டதால், கொடைக்கானல் தகடுகளை வைத்து 1904 முதலே சூரியக் காந்தத்தின் வரலாற்றை மீட்டெடுக்க முடிகிறது. ஒரு சூரியச் சுழற்சி 11 ஆண்டு என்றால், இவ்வளவு காலத்தில் பத்துச் சுழற்சிகள்தான் தேறும். சுழற்சிக்குச் சுழற்சி வீரியம் ஏன் மாறுகிறது, அடுத்தது எவ்வளவு வலுவாக இருக்கும் என்று கணிக்க விரும்புவோருக்கு இந்தப் பத்தும் அரிய செல்வம். இந்தப் பழனி மலையில் குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கிறது. சூரியச் சுழற்சிக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆனால் நீண்ட கால இடைவெளிகளைப் பொறுமையோடு கணக்கு வைப்பது இந்த மலைக்குப் பழக்கமானது என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இப்போது இந்தப் படங்கள் உயர்ந்த தரத்தில் கணினிமயமாகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவை உலக ஆய்வாளர்களின் கைக்கு வந்துவிட்டன. வளாகத்தில் இரட்டைத் தொலைநோக்கியும் ஹைட்ரஜன் ஒளித் தொலைநோக்கியும் மின்னணுக் கேமராக்களோடு அன்றாடப் பதிவைத் தொடர்கின்றன. 2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தின் முதன்மைக் கருவியான கரோனாகிராஃபை உருவாக்கியது இதே இந்திய வானியற்பியல் நிறுவனம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால் நின்று அது சூரியனைப் பார்க்கிறது. இங்கே மலை மேல் தரையில் நின்றும் பார்க்கிறோம். விண்கலத்துக்கு ஆயுள் உண்டு, பழுதானால் ஏறிப்போய்த் திருத்த முடியாது. தரையில் உள்ள கருவியைத் தலைமுறை தலைமுறையாகப் பேணலாம். விண்கலம் வந்துவிட்டதே, மலை ஆய்வகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் விடை.

பார்வையாளர்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. சூரியனின் உயிர்ப்படத்தையும், கரிய கோடுகளோடு விரிந்த நிறமாலையையும் அங்கே காட்டுகிறார்கள். வண்ணப்பட்டையின் நடுவே அந்தக் கோடுகளை நேரில் பார்ப்பதும் புத்தகத்தில் படிப்பதும் ஒன்றல்ல. ஆனால் கொடைக்கானலுக்கு வரும் லட்சக்கணக்கானவர்களில் பெரும்பாலானோர் ஏரி, பூங்கா, தூண்பாறை என்று சுற்றிவிட்டு, இந்த வளாகத்தின் வாசலைத் தாண்டி வண்டியில் போய்விடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

ஆகவே இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். ஆசிரியர்களே, பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வந்தால் இந்த ஆய்வகத்தைப் பயணத் திட்டத்தில் கடைசியில் வைக்காதீர்கள். மதியத்துக்கு மேல் மேகம் மூடிவிடும், வானம் தெளிந்திருக்கும் காலையிலேயே வாருங்கள். கொடைக்கானல், பெரியகுளம், வத்தலக்குண்டு பகுதிக் குடும்பத்தாரே, உங்கள் தாத்தாவோ கொள்ளுத்தாத்தாவோ இங்கே கணக்கெழுதியவராக, கும்மட்டம் திறந்தவராக, தச்சராக, காவலராக, சுமை தூக்கியவராக இருந்திருந்தால், வீட்டில் கிடக்கும் பழைய படம், கடிதம், நோட்டுப்புத்தகம் எதுவானாலும் அதன் நகலை ஆய்வக நூலகத்தில் சேர்ப்பியுங்கள். எந்த நாளில் சூரியன் எப்படி இருந்தது என்பதற்கு இங்கே ஆவணம் இருக்கிறது. அந்த நாளில் அதைப் பார்த்து எழுதியவர் யார் என்பதற்கும் ஆவணம் சேர வேண்டும்.